மெக்சிகோவில் சம்பந்தம் செய்த வீட்டாருக்கு: அந்நாட்டுக் குடும்பத்தில் பெண்களை அறிந்து பழகும் முறை

வெளிநாட்டுச் சம்பந்தம் புதுச்சேரிக்குப் புதிதன்று. பிரான்சில் பெண் கொடுத்த வீடுகளும் பெண் எடுத்த வீடுகளும் முத்தியால்பேட்டையிலும் உப்பளத்திலும் பல உள்ளன. அவர்களுக்கு வழி கேட்டுத் தெரிந்துகொள்ள மூத்தவர்கள் இருக்கிறார்கள். மெக்சிகோவில் பெண் கொடுத்தவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் என் தங்கையின் மகள், உடன் வேலை பார்த்த மெக்சிகோ இளைஞர் ஒருவரை மணந்துகொண்டு புவெப்லா நகரத்தில் குடியேறியபோது, கேட்க ஆளில்லாமல் நாங்கள் பல பிழைகளைச் செய்தோம். திருமணத்துக்காக மாப்பிள்ளை வீட்டார் இங்கே வந்து மூன்று வாரம் தங்கினார்கள். பிறகு தங்கை மகளின் பிரசவத்துக்காகத் தங்கையும் நானும் அங்கே போய் இரண்டரை மாதம் இருந்தோம். முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்த பழக்கத்தால், கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே குறித்து வைத்தேன். அந்நாட்டின் வரலாற்றைப் படித்தும் தெரிந்துகொண்டேன். இனி அங்கே சம்பந்தம் செய்யப்போகும் குடும்பங்களுக்கு உதவும் என்பதற்காக அவற்றில் ஒரு பகுதியை, அதாவது அந்த வீட்டுப் பெண்களோடு எப்படிப் பழகுவது என்பதை மட்டும், இங்கே எழுதுகிறேன். அங்கே உறவைக் கட்டிக் காப்பவர்கள் பெண்கள்தாம் என்பதால் இதைத் தெரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வையுங்கள். மெக்சிகோவில் ஸ்பானிய மொழியைத் தவிர 68 தொல்குடி மொழிகள் அரசால் ஏற்கப்பட்டுள்ளன. வடக்கே மோந்தெர்ரே நகரத்து அலுவலகக் குடும்பம் ஒரு மாதிரி. தெற்கே வஹாக்கா மாநிலத்து ஹுச்சித்தான் ஊரில், சந்தை வணிகம் முழுவதையும் பெண்களே நடத்தும் சபோத்தெக் குடும்பம் வேறு மாதிரி. நான் எழுதுவது பெரும்பாலும் புவெப்லா நகரத்து நடுத்தரக் குடும்பத்தைப் பார்த்து எழுதுவது. உங்கள் சம்பந்தி எந்த ஊர், அவருடைய தாய் எந்த ஊர் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரில் தொடங்குங்கள்

எங்கள் முதல் பிழை அழைப்பிதழில் நேர்ந்தது. மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் இரண்டு குடும்பப் பெயர்கள் இருந்தன. இடம் போதவில்லை என்பதற்காக, இறுதியில் இருந்ததை ஏதோ துணைப்பெயர் என்று எண்ணி நாங்களே நீக்கிவிட்டோம். அச்சாகி வந்த அழைப்பிதழைக் கையில் வாங்கிய சம்பந்தி அம்மாள், மகனுடைய பெயரின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதில் நான் எங்கே?" என்று மெதுவாகக் கேட்டார். எங்களுக்கு உடனே விளங்கவில்லை. மொழிபெயர்த்துச் சொன்ன மாப்பிள்ளைதான் விளக்கினார். அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. வழக்கமாக முதலில் வருவது தந்தை வழிப் பெயர், இரண்டாவது தாய் வழிப் பெயர். நாங்கள் நீக்கியது அந்த அம்மாளின் பெயரை.

ஆகவே அழைப்பிதழ், விமானச்சீட்டு, பதிவுப் படிவம் எதுவானாலும் இரண்டு பெயர்களையும் வரிசை மாறாமல் எழுதுங்கள். பெண் திருமணத்துக்குப் பின் தன் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்வதில்லை. பிறந்தபோது பெற்ற இரண்டு பெயர்களோடுதான் வாழ்நாள் முழுவதும் இருப்பாள். முந்தைய தலைமுறைப் பெண்கள் சிலர் தம் பெயரோடு 'தெ' என்ற சொல்லைச் சேர்த்துக் கணவரின் குடும்பப் பெயரையும் எழுதிக்கொள்வார்கள். அது சமூக வழக்கமே தவிரச் சட்டமன்று. உங்கள் பெண்ணும் தன் பெயரை மாற்ற வேண்டியதில்லை. இங்கே தலைப்பெழுத்தை மாற்ற வேண்டுமா என்று மூன்று நாள் விவாதித்தோம். அந்த மூன்று நாளும் வீண்.

அழைக்கும் முறைக்கு வருகிறேன். வயதில் மூத்த பெண்ணை 'செஞோரா' என்று அழைக்கலாம். பெயரைச் சொல்லி அழைக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் 'தோஞா' என்று சேர்ப்பது, நாம் பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' சேர்ப்பதைப் போன்ற மரியாதை. நம் 'நீ', 'நீங்கள்' போலவே அங்கும் 'தூ', 'உஸ்தேத்' என்று இரண்டு உண்டு. மூத்தவர்களிடம் 'உஸ்தேத்' சொல்வதே பொருத்தம். கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு முத்தம் கொடுப்பது அங்கே வணக்கம் சொல்லும் முறை. வீட்டில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்; நுழைந்ததும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தால், குறிப்பாகப் பாட்டியைத் தாண்டிப் போய் உட்கார்ந்தால், அது குறையாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

உறவுச் சொற்களைக் கற்றுக்கொள்வது நமக்கு எளிது. ஆங்கிலத்தில் இல்லாத 'சம்பந்தி' என்ற சொல் ஸ்பானிய மொழியில் இருக்கிறது: ஆண் 'கோன்சுவெக்ரோ', பெண் 'கோன்சுவெக்ரா'. ஓரகத்தியைக் குறிக்கவும் 'கோன்கூஞா' என்ற சொல் உண்டு. மாமியார் 'சுவெக்ரா', மருமகள் 'நுவேரா'. என் தங்கை முதன்முதலாகச் சம்பந்தி அம்மாளைப் பார்த்து 'கோன்சுவெக்ரா' என்றபோது அவர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். பழைய புதுச்சேரிப் பள்ளிகளில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு ஸ்பானியச் சொற்கள் பாதிக்கு மேல் காதில் விழும்போதே புரியும். வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் முதல் சந்திப்புக்கு அவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சொல் 'கோமாத்ரே'. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத்தாயாக நிற்பவளும் பெற்ற தாயும் ஒருவரை ஒருவர் இப்படி அழைத்துக்கொள்வார்கள். இந்த உறவு இரத்த உறவுக்குச் சற்றும் குறைந்ததன்று. கடன், நோய், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றிலும் கோமாத்ரே வந்து நிற்பாள். வீட்டில் அடிக்கடி வந்து போகும் பெண்மணியைப் பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்துவிடாமல், யாருக்குக் கோமாத்ரே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாயை வணங்கும் நாடு

மெக்சிகோவில் அன்னையர் நாள் ஒவ்வோர் ஆண்டும் மே 10 அன்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும் என்பதில்லை. அன்று உணவகங்கள் நிரம்பி வழியும், பள்ளிகளில் விழா நடக்கும், விடியற்காலையில் தாயின் சன்னலுக்கு வெளியே பாட்டுக்காரர்கள் வந்து பாடுவார்கள். சம்பந்தி அம்மாளுக்கு அன்று தொலைபேசியில் வாழ்த்துச் சொல்ல மறந்துவிடாதீர்கள். தீபாவளிக்குச் சீர் கொண்டுபோக மறப்பது நம்மிடம் எவ்வளவு பெரிய குறையோ, அவ்வளவு பெரிய குறை அது.

வாழ்த்துச் சொல்வதோடு அந்த நாளின் வரலாற்றையும் தெரிந்துகொள்ளுங்கள்; அந்நாட்டுப் பெண்களின் நிலையை விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல வாயில் இல்லை. 1916-இல் யுகத்தான் மாநிலத்து மெரிதா நகரத்தில் பெண்கள் மாநாடு ஒன்று கூடியது. கல்வி, வேலை, வாக்குரிமை எல்லாம் அங்கே பேசப்பட்டன. 1922-இல் அதே மாநிலத்தில் கருத்தடை பற்றிய சிறு வெளியீடு ஒன்று பரவியபோது, தலைநகரில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்தச் சூழ்நிலையில்தான் 'எக்செல்சியோர்' என்ற நாளிதழ், அதன் நிறுவனர் ரஃபாயெல் அல்துசின் தலைமையில், தாய்மையைப் போற்ற ஒரு நாள் வேண்டும் என்று அழைப்பு விடுத்தது. அதாவது தாயைக் கொண்டாடும் நாளே, எத்தனை பிள்ளை பெறுவது என்பதைத் தானே முடிவு செய்ய நினைத்த பெண்ணுக்குச் சொன்ன மறுப்பாகப் பிறந்தது. 1949-இல் தலைநகரில் அன்னைக்கு ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. நம்மை அறியுமுன்பே நம்மை நேசித்தவளுக்கு என்று அதில் பொறித்தார்கள். பிற்காலத்துப் பெண்கள் அதோடு இன்னொரு வாசகத்தைச் சேர்த்தார்கள்: அவளுடைய தாய்மை அவளே விரும்பி ஏற்றது என்பதற்காக. இந்த இரண்டு வாசகங்களுக்கும் இடையில்தான் அந்நாட்டுக் குடும்பம் இன்று நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வணக்கம் மிகுதியாக இருக்கும் இடத்தில் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இதை நம் வீடுகளிலும் பார்த்திருக்கிறோம். 2019-இல் அந்நாட்டு அரசு எடுத்த கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் வாரத்தில் ஏறக்குறைய 40 மணி நேரம் செலவிட்டார்கள். ஆண்கள் 15 மணி நேரம். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்களோ 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 45 பேர் அளவில்தான். அதே நேரத்தில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்குப் பெண்ணே தலைவி என்று பதிவாகியிருக்கிறது. ஆண்கள் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஊர்களில் நிலம், கடன், பள்ளி, கோயில் திருவிழா எல்லாவற்றையும் பெண்களே பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் சம்பந்தி அம்மாளும் எழுதுபொருள் கடை ஒன்றைத் தனியாக நடத்துகிறார். காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறப்பதற்குள் அடுப்பு வேலையை முடித்துவிடுவார். முதல் இரண்டு வாரம் நாங்கள் அவரைக் கேட்டதெல்லாம் பிள்ளைகளைப் பற்றியும் பேரனைப் பற்றியும்தான். ஒரு நாள் தங்கை, கடையை எப்போது தொடங்கினீர்கள், முதல் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டாள். அன்று அவர் இரவு பதினொரு மணி வரை பேசினார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: அந்த வீட்டுப் பெண்ணிடம் அவள் யாருக்குத் தாய் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அவள் என்ன செய்கிறாள், என்ன படித்தாள், என்ன செய்ய விரும்பினாள் என்றும் கேளுங்கள்.

சமையலறைக்குள் நுழைவது

கோலூலா பக்கத்துக் கிராமத்தில் பிறந்த சம்பந்தி அம்மாளின் தாயார், எண்பது வயதைக் கடந்தவர், தம் கட்டிலுக்கு அருகே ஒரு கல்லை வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எங்களுக்குப் பேச்சு வரவில்லை, ஏனென்றால் அது அப்படியே அம்மி. மூன்று கால்களில் சற்றுச் சாய்ந்து நிற்கும். மேலே இருபுறமும் பிடித்து உருட்டும் குழவி. 'மெத்தாத்தே' என்கிறார்கள். சட்னி அரைக்கும் கல்லுரலுக்கு 'மொல்கஹேத்தே', தோசைக்கல்லைப் போன்ற தட்டைக்குக் 'கோமால்'. என் தங்கை கீழே மண்டியிட்டு அமர்ந்து, ஊறிய மிளகாயை வைத்து இரண்டு இழுப்பு அரைத்துக் காட்டினாள். அந்த மூதாட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, இந்தக் கைக்குப் பழக்கம் இருக்கிறது என்றார்.

அந்தக் கல்லின் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அங்கே சோளம் என்றால் மக்காச்சோளம். அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோல் கழுவி, மாவாக அரைத்து, தட்டி, சுட்டால் 'தோர்த்தியா' என்ற ரொட்டி. சுண்ணாம்பு சேர்ப்பதால் தானியத்தில் உள்ள நயசின் என்ற சத்து உடலில் சேரும். சேர்க்காமல் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த பிற நாட்டு ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்த அறிவைக் கண்டு, கையால் கைக்குக் கொடுத்து வந்தவர்கள் அந்நாட்டுப் பெண்கள். ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய தோர்த்தியாவுக்காக ஒரு பெண் நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் முழங்காலில் நின்று அரைக்க வேண்டியிருந்தது. 20-ஆம் நூற்றாண்டில் ஊர்தோறும் மாவு மில்கள் வந்த பிறகுதான் அந்த நேரம் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. நம் ஊரில் கிரைண்டர் வந்தபோது நம் தாய்மார்களுக்குக் கிடைத்த விடுதலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே அங்கே போய், அந்தக் காலத்தில் கல்லில் அரைத்த ருசியே தனி என்று புகழாதீர்கள். அந்த மூதாட்டியின் முழங்கால்களைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

2010-இல் யுனெஸ்கோ, மெக்சிகோவின் மரபுச் சமையலை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. மரபுச் சமையல் வல்லுநர்களாக இன்று அங்கே மேடையேற்றிச் சிறப்பிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவியும் கவிஞருமான சோர் ஹுவானா இனெஸ் தெ லா குரூஸ், தமக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட சமய அதிகாரிகளுக்கு எழுதிய மறுமொழியில், சமையலறையில் முட்டையும் சர்க்கரையும் மாறும் விதத்தைக் கவனித்தே தாம் இயற்கையின் உண்மைகளைக் கற்றதாகக் கூறி, அரிஸ்டாட்டில் சமைத்திருந்தால் இன்னும் மிகுதியாக எழுதியிருப்பார் என்றார். 100 பெசோ தாளில் அவர் முகம் இருக்கிறது. கையில் அந்தத் தாள் வரும்போது அவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும்.

நடைமுறைக்கு வருகிறேன். சம்பந்தி வீட்டுச் சமையலறைக்குள் கேட்காமல் நுழைந்து அடுப்பைக் கையில் எடுத்துக்கொள்ளாதீர்கள்; அது அவருடைய ஆட்சி. ஆனால் கேட்டுக்கொண்டு உள்ளே போய், நறுக்கவும் கழுவவும் உட்காருங்கள். பெண்கள் கூடித் 'தமால்' செய்யும் நாள் இதற்கு மிகவும் ஏற்றது. மக்காச்சோள மாவுக்குள் பூரணம் வைத்து, கதிர்மடலிலோ வாழையிலையிலோ பொதிந்து ஆவியில் வேகவைப்பது. பூவரசம் இலையில் கொழுக்கட்டை செய்து பழகிய கைக்கு ஒரே நாளில் வந்துவிடும். ஒருவர் மாவு தடவ, ஒருவர் பூரணம் வைக்க, ஒருவர் மடிக்க, குடும்பத்தின் எல்லாச் செய்திகளும் அங்கேதான் பேசப்படும். பெரியப்பா வீட்டுச் சண்டை உட்பட எல்லாவற்றையும் நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாவிலும் பீன்ஸ் மசியலிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் அங்கே சாதாரணம். இறைச்சி இல்லை என்று அவர்கள் சொன்னால் துண்டு இல்லை என்று மட்டுமே பொருள் இருக்கக்கூடும்.

முதன்மையான உணவு பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் எல்லாரும் பாட்டி வீட்டுக்கு வருவார்கள். சாப்பிட்டதும் எழுந்துவிடாதீர்கள், இலையை மூடிவிட்டுக் கை கழுவ ஓடும் நம் வழக்கம் அங்கே அவசரமாகத் தெரியும். உண்ட மேசையிலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுவதற்குச் 'சோப்ரேமேசா' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் பேசிக்கொண்டிருக்கப் பெண்கள் மட்டும் பாத்திரத்தோடு எழுவதைக் காண்பீர்கள். எங்களோடு வந்திருந்த என் கணவர் ஒரு ஞாயிறன்று எதுவும் சொல்லாமல் எழுந்து தட்டுகளைக் கழுவத் தொடங்கினார். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையும் அவருடைய தம்பியும் எழுந்தார்கள். போகும் குடும்பத்து ஆண்களுக்கு நான் தரும் ஒரே அறிவுரை இதுதான்.

நீங்கள் சமைத்துக் கொடுக்க விரும்பினால், மிளகாயும் தக்காளியும் அங்கிருந்து உலகெங்கும் பரவிய பயிர்கள் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். கொய்யாவையும் பப்பாளியையும் அங்கே சந்தையில் பார்த்தால் குபேர் அங்காடியில் நிற்பது போலவே இருக்கும். சப்போட்டா என்ற பெயரே அவர்களுடைய நாவாத் மொழியிலிருந்து வந்தது.

சடங்குகளில் உங்கள் இடம்

மெக்சிகோவில் 1859 முதல் அரசுப் பதிவாளர் முன் நடக்கும் திருமணமே சட்டப்படி செல்லும். கோயில் திருமணம் அதற்குப் பின் குடும்ப விருப்பம். 'மேரி' என்ற நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்து பழகிய புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோயிலில் மணமக்கள் இருவரையும் இணைத்துத் தோளில் ஒரு மாலைக் கயிற்றை எட்டு வடிவில் இடுவார்கள். 13 நாணயங்கள் கைமாறும். முன்பு மணமகன் மட்டுமே மணமகளுக்குக் கொடுத்தான். இப்போது இருவரும் ஒருவருக்கொருவர் கொடுக்கும் இணைகளும் உண்டு. கயிறு, நாணயம், மோதிரம் ஒவ்வொன்றுக்கும் ஞானப்பெற்றோர்கள் பொறுப்பேற்பார்கள், பெண்ணானால் 'மாத்ரீனா'. உங்களை அப்படி நிற்கக் கேட்டால் அது பெரிய மரியாதை, செலவும் உங்களுடையது. வரதட்சணை என்ற வழக்கம் அங்கே இல்லை. சீர்வரிசை என்று நீங்கள் பாத்திரமும் பணமும் அடுக்கினால் அவர்கள் திகைத்துப் போவார்கள். எங்கள் சம்பந்தி அம்மாள், பெண்ணுக்குத்தானே இவையெல்லாம் என்று கேட்டு, எல்லாவற்றையும் அவள் பெயரிலேயே வைக்கச் சொன்னார்.

பெண் குழந்தைக்கு 15 வயது நிறையும்போது நடக்கும் 'கின்சேயாஞேரா' விழாவை நம் மஞ்சள் நீராட்டோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். தோற்றத்தில் ஒற்றுமை உண்டு: பட்டாடை, மண்டபம், உறவினர் கூட்டம். ஆனால் அங்கே கணக்கு வயதுதான். பூப்போடு அதற்குத் தொடர்பில்லை. திருப்பலி முடிந்ததும் தந்தையோடு ஒரு நடனம், கடைசிப் பொம்மையைக் கைவிடுதல், தட்டைச் செருப்பை மாற்றி உயர்குதிச் செருப்பு அணிவித்தல் ஆகியவை நடக்கும். விழா வேண்டாம், அந்தப் பணத்தில் பயணம் போகிறேன் என்று சொல்லும் பெண்களும் இப்போது பலர். எங்கள் மாப்பிள்ளையின் தங்கை அப்படித்தான் சொன்னாளாம். பாட்டி ஒரு மாதம் பேசவில்லையாம்.

டிசம்பர் 12 குவாதலூப்பே அன்னையின் திருநாள். 1531-இல் தெப்பெயாக் குன்றில் ஹுவான் தியெகோ என்ற தொல்குடி மனிதருக்குக் காட்சியளித்ததாகப் போற்றப்படும் அந்த அன்னை மாநிறத்தவள். மெக்சிகோவின் சராசரிப் பெண் தன்னை அவள் உருவில் காண்கிறாள். வில்லியனூர் மாதா கோயிலுக்குச் சம்பந்தி அம்மாளை அழைத்துப் போனபோது, சேலை சார்த்திய மாதாவைக் கண்டு அவர் வெகுநேரம் கைகூப்பி நின்றார். வேறு எந்த இடத்தைக் காட்டாவிட்டாலும் இதைக் காட்டுங்கள்.

நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோருக்குப் படையல் போடுவார்கள். நம் கல்லறைத் திருநாளும் அதே நவம்பர் 2. படத்தின் முன் இறந்தவருக்குப் பிடித்த உணவு, நீர், உப்பு, மெழுகுத்திரி, பூ எல்லாம் வைப்பார்கள். எந்தப் பாட்டனுக்கு எது பிடிக்கும் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் பெண்களே. அந்தப் பூ நம் துலுக்கச் சாமந்தி. அங்கிருந்துதான் அது இங்கே வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் படமொன்றை எடுத்துப் போனால் அந்தப் படையலில் அதற்கும் இடம் தருவார்கள். எங்கள் தாயாரின் படம் இப்போது அங்கே இருக்கிறது.

உங்கள் பெண் அங்கே வாழப்போகிறாள் என்றால்

பதிவாளர் முன் திருமணம் செய்யும்போது சொத்து முறை எது என்று கேட்பார்கள். இருவர் ஈட்டுவதும் பொதுவாக இருப்பது ஒன்று, அவரவர் சொத்து அவரவருக்கு என்பது மற்றொன்று. இதை உங்கள் பெண் படித்து, புரிந்துகொண்டு, தானே தேர்ந்தெடுக்க வேண்டும். கையெழுத்துப் போடும் மேசையில் முதன்முறையாகக் கேள்விப்படும்படி விட்டுவிடாதீர்கள்.

சட்டம் வந்த வழியையும் அவள் அறிந்திருப்பது நல்லது. தலைநகருக்கென 1928-இல் இயற்றப்பட்ட குடிமைச் சட்டம், வீட்டைப் பார்ப்பது மனைவியின் கடமை என்றும், அதற்குக் கேடு வராதவரை வெளியே வேலை பார்க்கலாம் என்றும் சொன்னது. 1974-இல்தான் அது மாறியது. ஆணும் பெண்ணும் சட்டத்தின் முன் சமம் என்பது அரசியலமைப்பிலும் அதே ஆண்டில் எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு ஐக்கிய நாடுகளின் முதல் உலகப் பெண்கள் மாநாடு மெக்சிகோ நகரில் கூடியது. நாடு முழுவதற்குமான வாக்குரிமை பெண்களுக்கு 1953-இல் கிடைத்தது. 2024 அக்டோபர் 1 அன்று கிளாடியா ஷெயின்பாம் முதல் பெண் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஏழு பிள்ளைகள். இன்று இரண்டுக்கும் குறைவு. மாமியாருக்கு ஒன்பது உடன்பிறப்புகள், மருமகளுக்கு ஒரே பிள்ளை என்னும் வீட்டில் இருவரும் ஒரே கண்ணால் உலகைப் பார்க்க மாட்டார்கள். அந்த இடைவெளியை உங்கள் பெண் பொறுமையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பணப் பழக்கத்தில் ஓர் ஒற்றுமை. அங்கும் பெண்கள் மாதச் சீட்டு நடத்துகிறார்கள். 'தாந்தா' என்பது பெயர். பத்துப் பேர் சேர்ந்து தவணை கட்டி, முறை வைத்து மொத்தத்தை எடுத்துக்கொள்வார்கள். நம்பிக்கை ஒன்றே பிணை. சம்பந்தி அம்மாளின் கடைக்கு முதல் கிடைத்தது அப்படித்தான். உங்கள் பெண்ணை அதில் சேரச் சொன்னால் அது அவளைத் தம்மவளாக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். ஆனால் சேர்ந்தால் தவணை தவறக் கூடாது.

பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போகும் வழக்கம் எங்கள் சம்பந்தி வீட்டில் இல்லை. தாய் வந்து இருப்பதை மனமார வரவேற்றார்கள். பேறுக்குப் பின் நாற்பது நாள் ஓய்வு அங்கும் உண்டு. குளிர்ச்சி ஆகாது, வயிற்றில் துணி கட்ட வேண்டும், கோழிச் சாறு குடிக்க வேண்டும் என்று அந்த மூதாட்டி சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்புக்கு முன்பே என் தங்கை தலையசைத்தாள். குழந்தையை 'ரெபோசோ' என்ற நீண்ட துணியில் முதுகிலோ மார்பிலோ கட்டிக்கொள்வார்கள். கண்ணேறு பற்றிய அச்சமும் உண்டு. முட்டையைக் குழந்தையின் உடல்மேல் தடவிக் குவளை நீரில் உடைத்துப் பார்ப்பார்கள். ஆனால் ஒன்றில் நேர்மாறு: குழந்தையை அழகு என்று சொல்லிவிட்டுத் தொடாமல் போனால்தான் கண் படும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே புகழ்ந்தால் தொட்டுவிடுங்கள்.

பேசத் தயங்கும் செய்திகள்

மார்ச் மாதத்தில் ஹகராந்தா மரங்கள் ஊதா நிறத்தில் பூக்கும்போது, மார்ச் 8 அன்று பெண்கள் அதே நிறத்தில் உடுத்தி வீதிக்கு வருவார்கள். 2020-இல் அதற்கு அடுத்த நாள், நாங்கள் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று காட்ட நாடெங்கும் பெண்கள் வேலைக்கும் கடைக்கும் போகாமல் வீட்டில் இருந்தார்கள். பெண் என்பதற்காகவே பெண் கொல்லப்படும் கொடுமை அங்கே தீராத துயரம். 2007-இல் வன்முறையற்ற வாழ்வுக்கான சட்டம் வந்தது, 2012-இல் அத்தகைய கொலை தனிக் குற்றமாக நாட்டுச் சட்டத்தில் சேர்ந்தது. காணாமற்போனவர்களாகப் பதிவானவர்கள் 1,00,000 பேருக்கு மேல். அவர்களைத் தேடி மண்வெட்டியோடு வெட்டவெளிகளில் அலைபவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். இதை நாமாக எடுத்துப் பேசக் கூடாது. அவர்கள் பேசினால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். உங்கள் நாட்டில் இப்படியாமே என்று தொடங்கும் கேள்வியை அறவே தவிர்த்துவிடுங்கள். நம் நாட்டைப் பற்றி அவர்களிடமும் அதே கேள்வி இருக்கிறது. மரியாதைக்காகத்தான் கேட்காமல் இருக்கிறார்கள்.

வீரப் பெண்களைப் பற்றிய பேச்சு இருதரப்புக்கும் இனிமையானது. 1910-இல் தொடங்கிய புரட்சியில் படையோடு நடந்து, சமைத்து, காயத்துக்குக் கட்டுப்போட்டு, துப்பாக்கியும் ஏந்திய பெண்களைச் 'சொல்தாதேரா' என்று அவர்கள் பெருமையோடு நினைவுகூர்வார்கள். அப்போது ஆங்கிலப் படைத்தலைவர் நீலின் சிலையை அகற்றக் கோரி 1927-இல் சென்னையில் நடந்த போராட்டத்தில் சிறைசென்ற கடலூர் அஞ்சலை அம்மாளைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். பாரதி பூங்காவில் நடக்கும்போது ஆயி மண்டபத்தின் கதையையும், தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய பெண்ணின் பெயரால் அது நிற்பதையும் சொல்லலாம். புவெப்லாவுக்கும் இந்தியாவுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு: 17-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரையிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, மணிலா வழியாக அங்கே அடிமையாக விற்கப்பட்ட ஒரு பெண், கத்தரீனா தெ சான் ஹுவான் என்ற பெயரில் துறவு வாழ்க்கை வாழ்ந்து 1688-இல் இறந்தார். அந்நகரத்தின் இயேசு சபைக் கோயிலில் அவர் கல்லறை இருக்கிறது. ஊர்ப் பெண்களின் மரபு உடையை அவர் பெயரோடு இணைத்துச் சொல்லும் கதை வரலாற்றுக்குப் பொருந்தவில்லை என்றாலும், சம்பந்தி அம்மாள் எங்களை அந்தக் கல்லறைக்கு அழைத்துப் போய், உங்கள் பெண் இங்கே முதல் பெண் இல்லை என்று சொன்னார். தங்கை அங்கே நின்று அழுதாள்.

விடைபெறும்போது

எழுந்ததும் போக விடமாட்டார்கள். வாசலில் நின்று பேசுவதற்கு இன்னும் அரைமணி நேரம் ஒதுக்கிவையுங்கள், வந்தபோது போலவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்ளுங்கள், பாட்டியிடம் கடைசியாக. மிஞ்சிய உணவைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுப்பார்கள். அதற்கு 'இத்தகாத்தே' என்று பெயர், நம் கட்டுச்சோறுதான். வேண்டாம் என்று மறுக்காதீர்கள். மூடியோடு டப்பாவில் கொடுத்தால் அந்த டப்பா திரும்பி வர வேண்டும் என்பது அந்த வீட்டுப் பெண்களின் கண்டிப்பான எதிர்பார்ப்பு. நாங்கள் அதைக் கழுவி, வெறுமையாகக் கொடுக்க மனமில்லாமல், உள்ளே கொஞ்சம் முறுக்கு வைத்துக் கொடுத்தோம்; அடுத்த ஞாயிறு அதே டப்பா மோலே குழம்போடு எங்களிடம் திரும்பி வந்தது.